இருமல்

இருபத்தோரு வருடம் கழித்து
அவனை மறுபடி எழுப்புகிறார்களாம்.
ஜங்ஷனிலிருந்து வரும் டவுன் பஸ்
ஐந்து ரோட்டில் முக்கிக்கொண்டு நின்றபோது
கைப்பேசியில் முன்னோட்டம் பார்த்தேன்.
இரண்டு நிமிடம் பத்து நொடி.

பழைய ஆட்டத்தில் அவனுக்குப் பெயரே கிடையாது.
திருடன், அவ்வளவுதான்.
முதுகில் மூட்டை இருந்ததால்
'கோணி' என்று கூப்பிட ஆரம்பித்தது ரவூஃப்.
லீ பஜாருக்குப் பின்னால் பிரவுசிங் சென்டரில்
அவன் எரித்துக் கொடுத்த சிடியை வாங்கிய
செவ்வாய்ப்பேட்டை ஏழெட்டுப் பேருக்கு
இன்றைக்கும் அவன் கோணிதான்.
இப்போது பெயர் வைத்துவிட்டார்கள்.
செத்துப்போன ஒரு மகள்,
பழிவாங்க ஒரு பிரபு, கண்ணீர்.
திருடப் போகிறவனுக்கு எதற்கு இவ்வளவும்?
பூட்டு இருந்தது, போனான்.

இருட்டையும் விடவில்லை.
அப்போதைய இருட்டில்
மானிட்டர் கண்ணாடியில் என் முகம் தெரியும்.
இப்போது எங்கும் நீலம்,
மண்டபத்து வாசலில் சீரியல் செட் போட்ட நீலம்.
சுவருக்கு அந்தப்பக்கம் நிற்கும் காவலாளி
ஆரஞ்சு மிட்டாய்போல மினுக்குகிறான்.
அவ்வளவும் தெரிந்தபின்
ஒளிவதற்கு என்ன இருக்கிறது,
உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

"அவன் நடந்தா வயலின் வாசிக்கிறாங்க புள்ள,"
என்றான் ரவூஃப்.
"நான் தொடவே மாட்டேன். சத்தியமா."
"நானும்," என்றேன்.

உண்மையில் எனக்கு
நீலம்கூடப் பரவாயில்லை.
இருமலை எடுத்துவிட்டார்கள்.

பழைய காவலாளிகள் இருமுவார்கள்.
தாழ்வாரம் திரும்புமுன்
வறட்டு இருமல் ஒன்று.
அப்புறம் மூன்று நொடி.
தீப்பந்தத்தை அணைத்துத்
தூணுக்குப் பின்னால் போய்விடலாம்.
"நிஜத்தில் யாராவது இருமிவிட்டா வருவார்கள்?"
என்று சிரிக்கிறார் புதிதாகச் செய்தவர்.

எங்கள் வீட்டுக் கணினி அண்ணனுக்காக வாங்கியது.
அவன் விடுதிக்குப் போனதும்
அம்மா அதற்குப் பூப்போட்ட உறை தைத்து மூடினாள்.
பதினொன்றாம் வகுப்பில் நான்
ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து
கொலுசைக் கழற்றித் தலையணை உறைக்குள் திணிப்பேன்.
அப்பா தன் பட்டறையிலேயே பற்றவைத்தது,
ஒவ்வொரு முத்தும் கோள் சொல்லும்.
கூடத்தில் நாலாவது கடப்பைக் கல் ஆடும்,
அதைத் தாண்டி வைக்கணும் காலை.
ஹெட்போன் ஒரு காதுக்கு.
இன்னொரு காது
அப்பா படுத்திருக்கும் அறைக்கு.

தண்ணீர் குடிக்க எழுந்து வருவார்.
வருமுன் இருமுவார்.
திரையை அணைத்து, உறையை இழுத்துவிட்டு
பீரோ இடுக்கில் மூச்சைப் பிடித்து நிற்பேன்.
கணினிப் பக்கமே திரும்பாமல் போய்
சொம்பை எடுப்பார்.
ஒருமுறை உறை தலைகீழாகக் கிடந்தது.
அன்றைக்கும் தண்ணீர் மட்டும்தான் குடித்தார்.
இரண்டு வருடம் மாட்டவே இல்லை.
என் சாமர்த்தியம் என்று
கல்லூரியில்கூடப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

பகலில் அவர் இருமி
நான் கேட்டதே இல்லை என்பது
ஐந்து ரோட்டில்,
கண்டக்டர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டிருக்க,
அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை ராத்திரி சோதனைப் பதிப்பு வந்தது.
என் மடிக்கணினியில் அறுபத்தொரு சதவீதம் இறங்கியிருக்க
ரவூஃபைக் கூப்பிட்டேன்.
"வந்திருக்காமே, பாத்தியா?"
"எவன் பாப்பான் அந்தக் கருமத்த?"
அவன் குரலுக்குப் பின்னால்,
மெல்ல,
ஒரு வயலின்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
போனை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்து
ஒரு தரம் இருமினேன்.

மூன்று நொடி.
வயலின் நின்றது.

"என்ன புள்ள," என்றான்,
"ஏற்காடு போய்ட்டு வந்தியா, சளியா?"